உறுமியும் ஒரு பக்கெட் ஐஸும்

டப்பிங் ஸ்கிரிப்ட் எழுதுவது என்றால், அடுத்தவர் வாய் மூடுவதற்குள் நாம் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பது. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த வேலை சுலபமாக வரும்.

பதினெட்டு வருஷமாக நான் இதைத்தான் செய்கிறேன். பம்பாய் செம்பூரில் ஒரு பழைய இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டின் இரண்டாவது மாடியில் எங்கள் ஸ்டுடியோ. கீழே பிளாஸ்டிக் வாளி செய்கிறார்கள், மேலே நாங்கள் தமிழ் செய்கிறோம். சிங்கம், திமிங்கிலம், எரிமலை, எறும்பு என்று டி.வி.யில் இங்கிலீஷில் வருவதையெல்லாம் தமிழில் பேசவைப்பது தொழில். அங்கே எல்லாருக்கும் நான் ‘ரைட்டர்’. என் சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் மட்டும்தான் இருக்கிறது. இங்கிலீஷ்காரர் ஒரு மூச்சில் சொன்னதை மூன்று மூச்சில் எழுதி, பிறகு இரண்டு மூச்சை வெட்டி எறிந்து பிழைப்பவர்களும், மேலிடத்து மெயிலைக் கீழே இருப்பவர்களுக்குப் புரியவைத்தே தலைமுடி கொட்டியவர்களும் இதைப் படிப்பவர்களில் கண்டிப்பாக இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

மார்கழி மாசம்

இந்த வருஷம் எங்களுக்கு வந்து சேர்ந்தது வட துருவம். மொத்தம் பத்து பாகம். முதலில் ஒரு சிறிய சாம்பிள் பேசி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். சேனல்காரர்களுக்குப் பிடித்தால் பத்து பாகமும் எங்களுக்கு. பிடிக்காவிட்டால் வட துருவம் சென்னை ஸ்டுடியோ எதற்காவது போய்விடும்.

எங்கள் ஸ்டுடியோவில் தமிழுக்குப் பொறுப்பு பிருந்தா மேடம். மாட்டுங்காவில் வீடு, பாலக்காட்டுப் பூர்வீகம், பேங்க் ஆபீசராக இருந்து வாலண்டரி ரிட்டயர்மென்ட் வாங்கிக்கொண்டு வந்தவர். பேங்கில் கையெழுத்துகளைச் சரிபார்த்த அதே கண்ணால் என் வாக்கியங்களைப் பார்ப்பார். திங்கட்கிழமை காலை முதல் இரண்டு பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வானத்திலிருந்து விழுவது, தரையில் படிவது, கடலில் மிதப்பது, மலையிலிருந்து நகர்ந்து வருவது, ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷில் தனித்தனிப் பெயர் இருந்தது. நான் எல்லாவற்றுக்கும் ‘பனி’ என்று எழுதியிருந்தேன். பனி விழுந்தது, பனி மிதந்தது, பனி பனியோடு மோதியது. எனக்கு அது கவிதையாகவே பட்டது.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அப்படிச் செய்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

“ஏன் ரைட்டர், நீங்க எழுதியிருக்கறது வட துருவமா, மார்கழி மாசமா? வாசல்ல கோலம் ஒண்ணுதான் குறையறது.”

வீட்டு ஆராய்ச்சி

அன்று சாயங்காலம் வீட்டில் ஃப்ரீசரைத் திறந்துவைத்துக்கொண்டு அதன் முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். நான் பிறந்தது தாராவி, இருப்பது செம்பூர். பனி என்று கண்ணால் பார்த்ததெல்லாம் ஃப்ரீசரில்தான். சுவரில் மாவு மாதிரி ஒட்டியிருந்ததை விரலால் சுரண்டி ‘உறைபனி’ என்று எழுதிக்கொண்டேன். டிரேயில் இருந்தது ‘பனிக்கட்டி’. பட்டாணிப் பாக்கெட்டின் மேல் மெல்லிசாகப் படர்ந்திருந்ததற்கு ‘பனித்தகடு’ என்று பெயர் வைத்துவிட்டு, பெருமையோடு அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“உங்க ஆராய்ச்சி முடியறதுக்குள்ள அதெல்லாம் தண்ணியாயிரும். அதுக்கும் ஒரு பேரு எழுதிக்கோங்க.”

மணிக்கு வந்த வாய்ப்பு

எங்கள் ஸ்டுடியோவில் வழக்கமாகக் கதை சொல்லும் குரல்காரர் மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். ஊர் என்றால் தென்காசிப் பக்கம். கல்யாணம் முடிந்து, மறுவீடு முடிந்து, குலதெய்வம் முடிந்துதான் வருவார். அதனால் சாம்பிளைப் பேச சுடலைமணியைக் கூப்பிட்டோம்.

மணிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். காலையில் ஐஸ் ஃபேக்டரியில் டெம்போ நிறைய ஐஸ் ஏற்றி, கிங்ஸ் சர்க்கிள் ஜூஸ் கடைகளுக்கும் மாட்டுங்கா கல்யாண ஹால்களுக்கும் போட்டுவிட்டு, மத்தியானம் எங்களிடம் வருவார். குரல் பாதாளத்திலிருந்து வரும். ஆனால் பதினோரு வருஷமாக நாங்கள் அவருக்குக் கொடுத்ததெல்லாம் கரடி, காட்டெருமை, அடிவாங்கும் ரவுடி, சந்தைக் கூட்டம். முழுசாக ஒரு வாக்கியம் அவர் பேசியது ஒரே ஒரு தடவை: “அந்தா ஓடுறான், பிடி!” அதிலும் பாதியைப் பின்னணி இசை தின்றுவிட்டது.

இப்போது பத்து பாகத்துக்கும் அவரே கதைசொல்லி ஆகலாம் என்றதும் மணி என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐஸ் தூக்கித் தூக்கி மரத்துப்போன கை. சாம்பிள் தேறினால்தான் என்பதை மறக்கக் கூடாது என்று எச்சரித்தேன். அதற்குள் காரியம் கைமீறிப் போயிருந்தது.

“அண்ணாச்சி, நான் வீட்ல சொல்லிட்டேன். அவ தொண்ணூறடி ரோடு பூரா சொல்லிட்டா. இனி இது கெடைக்கலன்னா தாராவிக்குள்ள டெம்போவ நான் ரிவர்ஸ்லதான் ஓட்டணும், மூஞ்சி தெரியாம.”

நான் எழுதுகிறவன் என்பதற்கு அத்தாட்சி

மணிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. முனிசிபல் ஸ்கூலில் மராத்தியில் படித்தவர். அவரைப் போல எங்களிடம் நாலைந்து பேர் உண்டு. அதனால் நான் ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் இரண்டு தடவை எழுதுவேன்: மேடத்துக்குத் தமிழ் எழுத்தில், மணி வகையறாவுக்கு அதே தமிழை மராத்தி எழுத்தில்.

எங்கள் ரெக்கார்டிங் எஞ்சினீயர் மங்கேஷ் மராத்திக்காரர். தமிழ் ஒரு சொல் தெரியாது. கம்ப்யூட்டரில் குரல் மேடுபள்ளமாக ஓடுவதைப் பார்த்தே, எங்கே பேச்சு நின்றது, எங்கே மூச்சு வாங்கியது என்று சொல்லிவிடுவார். எட்டு வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்தும் என் தாளை அவர் திரும்பிப் பார்த்ததில்லை. மணி மைக் முன்னால் நின்ற அன்றைக்கு அவருடைய பிரதியை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி ஒரு வரி படித்தார். ஸ்பீக்கரில் மணி அதே வரியைச் சொன்னார். மங்கேஷ் தாளைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

“அரே ரைட்டர் சாப், ஆப் சச்முச் லிக்தே ஹோ!” நான் நிஜமாகவே எழுதத்தான் செய்கிறேன் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்ததாம்.

துருவத்தில் ஏ.சி. கிடையாது

உங்களுக்குத் தெரிந்திருக்காது, பேசும்போது ஏ.சி.யை நிறுத்திவிடுவோம். அதன் இரைச்சல் மைக்கில் விழும். எங்கள் ஏ.சி. இரைவது சிங்கம் கர்ஜித்தாலும் பின்னணியில் கேட்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் பஞ்சு ஒட்டி, எங்களைப் பார்க்க ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும் விட்ட, ஜன்னல் இல்லாத அறை. மே மாதம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மணி அதற்குள் பனியனோடு நின்றுகொண்டு, “இங்கே ரத்தமும் உறையும் குளிர்” என்று ஆரம்பித்தார். மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டித் தாளில் விழுந்து, ‘குளிர்’ மட்டும் அழிந்துபோயிற்று.

திரையில் ஒரு வெள்ளைக் கரடி தன் இரண்டு குட்டிகளோடு பனியில் புரண்டு விளையாடிக்கொண்டிருந்தது. மணி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே அதை ஏக்கமாகப் பார்த்தார்.

“குடுத்து வச்ச கரடி, அண்ணாச்சி.”

காதுக்குத் தெரிவது

சாம்பிளின் கடைசியில்தான் அந்தச் சொல் வந்தது. குரோலர். திரையில் கறுத்த கடல் மட்டும் தெரிகிறது. இங்கிலீஷ்காரர் ‘குரோலர்’ என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு மூன்று விநாடி சும்மா இருக்கிறார். பிறகுதான் விளக்கம். நான் முதலில் ‘சின்னப் பனிப்பாறை’ என்று எழுதினேன். “பாறை எங்கே?” என்றார் மேடம். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். ஒரு டெம்போ அளவுக்கு ஏதோ ஒன்று, எருமை முதுகு மாதிரி, தண்ணீருக்கு மேல் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. அகராதியைப் பார்த்தால் உறுமுவது என்கிறது. ஐஸ் ஏன் உறுமுகிறது? ஆபத்தானது என்பதால் மிருகத்தின் பெயரை வைத்துவிட்டார்கள் போல என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

நான் குடியிருக்கும் பில்டிங்கின் மூன்றாவது மாடியில் பீட்டர் இருக்கிறார். தூத்துக்குடிக்காரர், கப்பலில் சமையல்காரர், லீவில் வந்திருந்தார். அவரிடம் கேட்டேன். பெரிய பனிமலை உடைந்து, அதிலிருந்து பிரிந்து மிதக்கும் துண்டுதான் குரோலர் என்றார். அலைக்கு நடுவே ரேடாரிலும் சரியாகத் தெரியாது. எந்தக் காலத்திலோ பனிமலைக்குள் அடைபட்ட காற்று, அது உருக உருக வெளியே வரும்போது உறுமல் மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அதைக் கேட்ட மாலுமிகள் வைத்த பெயராம் அது.

“பெருசு கண்ணுக்குத் தெரிஞ்சிரும், ரைட்டரே. ஒதுங்கிப் போயிரலாம். இது காதுக்குத்தான் தெரியும்.”

கோயில் கொடையில் கேட்டது

ராத்திரியோடு ராத்திரியாக யோசிக்கவெல்லாம் இல்லை. மாடிப்படி இறங்குவதற்குள் வந்துவிட்டது. உறுமுவது உறுமி. மறுநாள் மேடத்திடம் காட்டினேன். “அது மேளமாச்சே?” என்றார். மேளத்துக்கும் உறுமுவதால்தானே அந்தப் பெயர் என்றேன். மேடம் மறுக்கவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. பென்சிலால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

மணிக்கு மட்டும் ஏக சந்தோஷம். விளக்கம் கேட்கக்கூட அவர் நிற்கவில்லை.

“உறுமியா! எங்க கோயில் கொடைக்கு வருஷா வருஷம் வருதுல்லா. வட துருவத்துலயும் சாமி ஆடுதாவளா?”

டெலிவரி

புதன்கிழமை மத்தியானம் முழுக்க அந்த ஒரு இடத்திலேயே மாட்டிக்கொண்டோம். மணி “உறுமி” என்பார், மூன்று விநாடி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் அடுத்த வரிக்குள் பாய்ந்துவிடுவார். மங்கேஷின் திரையில் இடைவெளியே இல்லை. ஒரு டேக், நாலு டேக், எட்டு டேக். குற்றம் அவர் மேல் இல்லை. கூட்டக் குரல் கொடுப்பவர்களுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்த பாடமே வாயை மூடாதே என்பதுதான். சந்தைக் காட்சியில் ஒருத்தர் சும்மா இருந்தால் எல்லாரையும் மறுபடி பேசச் சொல்வோம். பதினோரு வருஷம் அப்படிப் பழக்கிவிட்டு, இப்போது நில் என்றால் எப்படி நிற்பார்? மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணச் சொன்னேன். அதையும் அவசரமாக எண்ணினார்.

மேடம் தனியாகக் கூப்பிட்டு, நாளைக்கும் சரியாக வராவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மணி, மைக் முன்னாலிருந்து நகராமல் எங்கள் வாயசைவையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயசைவைப் பார்த்தே பிழைப்பவர்கள் நாங்கள். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது.

“நல்ல குரல்தான், ரைட்டர். ஆனா இவர் வட துருவத்தையே இறக்கிப் போட்டுட்டு அடுத்த கடைக்குப் போயிடறார்.”

லாதி பேசுகிறது

சாயங்காலம் மணியைக் கீழே டீக்கடைக்கு அழைத்துப் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல், பீட்டர் சொன்ன கதையை எடுத்துவிட்டேன். அதுவரை அந்தச் சொல்லுக்கு அர்த்தத்தை அவருக்கு நான் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எழுத்தை மாற்றி எழுதிக் கொடுத்தேனே தவிர, என்ன படிக்கிறோம் என்று சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. உள்ளே அடைபட்ட காற்று உறுமும், மாலுமிகள் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள் என்றதும் மணி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

“அண்ணாச்சி, இது நம்ம லாதில்லா!” என்றார். லாதி என்றால் ஐஸ் பாளம். பம்பாயில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். ஃபேக்டரியில் டின்னிலிருந்து வெளியே எடுத்ததும் வெளிச்சூடு பட்டுப் பாளத்துக்குள்ளே முனகல் கேட்குமாம். கிர்ர்ர் என்று இழுக்கும், டப்பென்று ஒரு தெறிப்பு, மறுபடி கிர்ர்ர். அந்தச் சமயத்தில் யாரும் தோளில் ஏற்ற மாட்டார்கள். கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, பீடியைக்கூடப் பற்றவைக்காமல் நிற்பார்கள். ‘லாதி பேசுது’ என்றால் அங்கே எல்லாரும் கப்சிப். முன்பு ஒரு கல்யாண சீசனில், ஹாலிலிருந்து போன் மேல் போன் வருகிறது என்று மணியின் அண்ணன் அவசரப்பட்டுப் பேசுகிற லாதியைத் தூக்கிவிட்டார். தோளிலேயே இரண்டாகப் பிளந்து பாதி காலில் விழுந்தது. மூன்று விரல் போயிற்று. இப்போது அண்ணன் டெம்போவில் உட்கார்ந்து டெலிவரி மட்டும் பார்க்கிறார்.

இதைச் சொல்லிவிட்டு மணி சும்மா இருந்தார். நான் எண்ணவில்லை, ஆனால் மூன்று விநாடிக்கு மேலேயே இருக்கும்.

“அது பேசி முடிக்கட்டும்னு நிக்கணும், அண்ணாச்சி. தூக்கத் தெரிஞ்சவன் ஆயிரம் பேரு இருக்கான். நிக்கத் தெரிஞ்சவன்தான் அங்க வேலைக்காரன்.”

பக்கெட்

வியாழக்கிழமை மணி சாக்குப் பையில் ஒரு பெரிய ஐஸ் துண்டோடு வந்தார். கீழ்மாடியில் செய்த பிளாஸ்டிக் பக்கெட் ஒன்றை வாங்கி, தண்ணீர் ஊற்றி, அதில் ஐஸை இறக்கி மைக்குக்குக் கீழே வைத்தார். ஏ.சி. நின்றது. மேடம் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கெட்டின் பக்கத்தில் குனிந்து காதை வைத்தார். நாங்கள் மூச்சு விடவில்லை. பொரி வறுக்கிற மாதிரி சின்னச் சத்தம், பிறகு நீளமாக ஒரு முனகல். மேடம் நிமிர்ந்தார். “பேசறதே!” என்றார், குழந்தை மாதிரி. பிறகு என் தாளை எடுத்து, கேள்விக்குறியை அழித்தார்.

பக்கெட்டை வெளியே எடுத்துவிட்டு டேக் எடுத்தோம். மணி தாளைப் பார்க்கவே இல்லை. “உறுமி” என்றார். நின்றார். பக்கெட் இருந்த ஈரத் தரையைப் பார்த்தபடி, யாரையோ கையமர்த்துவது போல ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அப்புறம் மெதுவாக, “கடலோடிகள் வைத்த பெயர் இது” என்று ஆரம்பித்து விளக்கத்தைச் சொல்லி முடித்தார். திரையில் இன்னும் கொஞ்சம் கடல் பாக்கி இருந்தது. அந்த இடத்தில் இங்கிலீஷ்காரர் ஒன்றும் சொல்லவில்லை. மணி சொன்னார்: “அது பேசி முடிக்கிற வரைக்கும் நின்னு கேட்கணும்.”

நான் எழுதாத வரி. பேச்சுத் தமிழ் வேறு. வெட்டிவிடலாமா என்று மேடத்தைப் பார்த்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மங்கேஷ் திரையைக் காட்டினார். நடுவே, வளைந்து நெளிந்து ஓடிய கோடு, ஒரு இடத்தில் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

“சமஜ் மே குச் நஹி ஆயா,” என்றார் மங்கேஷ், ஒன்றும் புரியவில்லை என்று. “லேகின் ருக்னா மாங்தா, யே சமஜ் கயா.” ஆனால் நிற்க வேண்டும் என்பது மட்டும் புரிந்ததாம்.

விட்டுப்போனது

சாம்பிள் அன்றைக்கே போயிற்று. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் சேனலிலிருந்து போன். பேசியவர் இளம் பெண், சுறுசுறுப்பான தமிழ். மேடம் ஸ்பீக்கரில் போட்டார். மணி ஐஸ் கொக்கியைக்கூட டெம்போவில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். உள்ளே வா என்றால் வரவில்லை.

குரல் நன்றாக இருக்கிறது என்றார் அந்தப் பெண். உறுமி என்ற சொல் அவர்கள் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம். கடைசியில், நின்று கேட்க வேண்டும் என்று ஒரு வரி வருகிறது. அது இங்கிலீஷில் எங்குமே இல்லையே, எங்கிருந்து வந்தது? இல்லாததைச் சேர்த்தால் மேலிடத்தில் கேள்வி வரும், இதை யார் சேர்த்தது என்று தெரிய வேண்டும் என்றார்.

மணியின் முகம் வெளுத்துவிட்டது. நான்தான் சேர்த்தேன், வெட்டிவிடுகிறோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ தடவை சொன்ன வசனம், ஸ்கிரிப்ட் இல்லாமலே வரும். அதற்குள் மணி வாசலிலிருந்து ஒரு கையைத் தூக்கினார், முந்தின நாள் மைக் முன்னால் தூக்கியது போலவே. நான் நின்றுவிட்டேன். மேடம் போனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அது இங்கிலீஷ்ல விட்டுப்போச்சும்மா. எங்க மணி சேர்த்தார்.”

இப்படியாக, அந்த வரியோடேயே சாம்பிள் தேறி, பனியைக் கண்ணால் கண்டிராத நாங்கள் நாலு பேர் சேர்ந்து தமிழுக்கு ஒரு வட துருவத்தைப் பத்து பாகத்தில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், எங்களுக்குத்தான் சத்தம் போடாத ஒரு ஏ.சி.யை இதுவரை யாரும் கொடுக்கவில்லை.